பச்சைக் கடலில் இருப்பது யார்? சூழல் மாறும்போது கடல் நுண்பாசிக் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா) பச்சையாகத் திரண்டது. தழையை அரைத்துக் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர். மீனவர்கள் பார்த்ததும் ‘பூங்கோரை’ என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிள் தீவை ஒட்டிய பவளப்பாறைப் பகுதியில் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. வேகமாக வளரும் பவள வகைகளான அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா மூன்றும் அதிகம் மடிந்தன. இது முதல் முறையும் இல்லை. 2008 அக்டோபரில் இதே மன்னார் வளைகுடாவில் இதே பச்சை வந்து மீன்களைக் கொன்றிருக்கிறது.

இரண்டு முறையும் வந்தது நாக்டிலூக்கா சின்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிர். அந்தப் பச்சை டயட்டம் என்ற சிலிக்கா ஓடுள்ள நுண்பாசியால் வந்திருந்தால் கதையே வேறு. டயட்டம் மண்டினால் மத்திக்கும் இறாலுக்கும் அது விருந்து. அதனால்தான் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: கடலில் பச்சை எவ்வளவு என்பதோடு நிற்காமல், அந்தப் பச்சை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெப்பமும் உரமும் காற்றும் மாறும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் கூட்டத்தின் ஆட்கள்தான். மொத்த அளவு பிறகுதான் மாறும், சில சமயம் மாறாமலே கூட இருக்கும்.

கடலோரக் கல்லூரி மாணவர்கள், பள்ளி அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், படகு வைத்திருக்கும் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மன்னார் வளைகுடா, வங்கக் கடல், அரபிக் கடல் சார்ந்தவை.

படி 1: முகம் பழகுங்கள்

ஃபைட்டோபிளாங்டன் என்று பாடப்புத்தகம் சொல்வதை இங்கே நுண்பாசி என்றே சொல்கிறேன். தண்ணீரின் போக்கில் மிதந்து, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்கள் இவை. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இவற்றால் நடக்கிறது. ஆனால் பூமியின் ஒளிச்சேர்க்கை உயிர்களை எல்லாம் நிறுத்துப் பார்த்தால் இவற்றின் எடை நூற்றில் ஒரு பங்குதான் வரும். காரணம், இவை சில நாட்களில் பிறந்து, பெருகி, தின்னப்பட்டுவிடும். காடு மாறுவதற்கு ஐம்பது வருடம் ஆகுமென்றால் இந்தக் கூட்டம் மாற ஒரு வாரம் போதும்.

ஆயிரக்கணக்கான இனங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐந்து குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் தொடங்கிவிடலாம்.

டயட்டம்: கண்ணாடி மாதிரியான சிலிக்கா ஓட்டுக்குள் வாழ்பவை. கலக்கமும் சத்தும் நிறைந்த தண்ணீரில் முதலில் பெருகும். நம் கரையில் கீட்டோசெரஸ், காசினோடிஸ்கஸ், ஸ்கெலிடோனிமா, ரைசோசொலீனியா ஆகியவை அடிக்கடி கண்ணில் படும்.

டைனோஃபிளாஜெல்லேட்: இரண்டு சாட்டை இழைகளால் நீந்தத் தெரிந்தவை. அமைதியான, அடுக்கடுக்காக நிற்கும் தண்ணீரில் இவற்றுக்கு மேல்கை. நாக்டிலூக்கா இந்தக் குடும்பம்தான். ஆனால் அது மற்றவற்றை விழுங்கியும் வாழும்.

நீலப்பசும்பாசி: இதில் டிரைகோடெஸ்மியம் என்ற இனம் காற்றின் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். காற்றடங்கிய நாட்களில் மரத்தூள் தூவியது போல மேலே மிதக்கும். 2007 மார்ச்சில் கல்பாக்கம் கடலோரத்தில் திடீரென நிறம் மாறியது இதனால்தான். இதே பெரும்பிரிவில் புரோகுளோரோகாக்கஸ் என்ற மிகச் சிறிய இனமும் உண்டு. அகலம் சுமார் 0.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலகில் எண்ணிக்கையில் மிகுந்த ஒளிச்சேர்க்கை உயிர் இது, ஆனாலும் 1980களின் நடுப்பகுதிவரை யார் கண்ணிலும் படவில்லை.

காக்கோலித்தோஃபோர்: சுண்ணாம்புத் தகடுகளை உடம்பில் ஒட்டிக்கொண்டவை.

நுண்பசும்பாசி: ஓடில்லாத சிறு பச்சைச் செல்கள். இவற்றில் ஒரு வகைதான் பச்சை நாக்டிலூக்காவின் உடலுக்குள் ஆயிரக்கணக்கில் குடியிருந்து அதற்கு நிறத்தையும் உணவையும் கொடுக்கிறது. வீட்டுக்குள்ளேயே தோட்டம் வைத்திருப்பதால் வெளியே இரை குறைந்தாலும் நாக்டிலூக்கா தாக்குப்பிடிக்கிறது.

படி 2: எந்த மாற்றம் யாரைத் தொடும் என்று முதலில் யோசியுங்கள்

மாதிரி பாட்டிலைத் தூக்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எதை எதிர்பார்க்கிறோம் என்று தெரியாமல் சேர்த்த எண்கள் கடைசியில் ஒரு மூட்டையாகத்தான் கிடக்கும்.

வெப்பம் இரண்டு வழியில் வேலை செய்கிறது. ஒன்று நேரடி வழி. ஒவ்வோர் இனத்துக்கும் பிடித்த வெப்பநிலை ஒன்று உண்டு. அதுவரை வளர்ச்சி மெதுவாக ஏறும், தாண்டினால் செங்குத்தாகச் சரியும். வெப்பமண்டலக் கடல் இனங்கள் பல ஏற்கெனவே அந்த உச்சிக்கு அருகிலேயே வாழ்கின்றன. குளிர்நாட்டு இனத்துக்கு ஒரு டிகிரி கூடினால் தாங்கும், நம் கடல் இனத்துக்கு அதே ஒரு டிகிரி விளிம்பைத் தாண்டுவதாக ஆகலாம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்து வாசியுங்கள்.

மறைமுக வழியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் அதுவே பெரியது. சூடான தண்ணீர் இலேசானது. அது மேலே போர்வை போல நின்றுவிடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் கீழே குளிர்ந்த நீரில் கிடக்கும். இரண்டையும் கலக்கக் காற்றுக்கு அதிக பலம் வேண்டும். கலக்கம் குறைந்தால் மேலே ஒளி இருக்கும், சத்து இருக்காது. அந்தப் பட்டினியில் பெரிய டயட்டம் தோற்கும், சிறியது ஜெயிக்கும். சிறிய செல்லுக்கு உடல் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் அரிதாகக் கிடைக்கும் சத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். சிறியது ஜெயித்தால் அதைத் தின்ன நடுவில் இன்னும் ஒரு அடுக்கு உயிர் தேவைப்படும். ஒவ்வோர் அடுக்கிலும் ஆற்றல் கரையும். வலையில் ஏறும் மீன் குறைவது இப்படித்தான்.

வங்கக் கடலில் இதற்கு இன்னொரு போர்வையும் இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி கொட்டும் நன்னீரும் மழையும் சேர்ந்து மேலே உப்புக் குறைந்த அடுக்கு ஒன்றை விரிக்கின்றன. அக்டோபருக்கு மேல் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பும்போது அந்தக் குறைந்த உப்பு நீர் தமிழகக் கரைவரை வருகிறது. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் நுண்பாசி விளைச்சல் குறைவாக இருப்பதற்கு இந்த அடுக்கு முக்கியக் காரணம். புயல் வந்து அந்தப் போர்வையைக் கிழித்தால் சில நாட்களில் புயல் போன தடத்தில் பச்சை எழும். செயற்கைக்கோள் படங்களில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது.

அடுத்தது சத்து விகிதம். நுண்பாசி உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்ற கணக்கில் இருக்கின்றன. இப்படி ஒரு நிலையான விகிதம் உண்டு என்பதை ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் 1934 இல் முன்வைத்தார். டயட்டத்துக்கு இத்துடன் நைட்ரஜன் அளவுக்கே சிலிக்காவும் வேண்டும். சாக்கடையும் வயல் உரமும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொட்டும், சிலிக்காவைக் கொட்டாது. சிலிக்கா ஆற்றுப் பாறைகள் கரைந்து வருவது, அணைக்குப் பின்னால் அது தங்கிவிடும். டானூப் ஆற்றில் 1970களின் தொடக்கத்தில் இரும்பு வாயில் அணை வந்தபின் கருங்கடலுக்குப் போன சிலிக்கா பெரிதும் குறைந்தது, டயட்டத்தின் இடத்தைச் சிலிக்கா தேவைப்படாத இனங்கள் பிடித்தன என்று 1997 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் அளவைப் பற்றி பின்னர் விவாதம் நடந்தது, ஆனால் கேள்வி சரியான கேள்வி. காவிரி, வைகை, தாமிரபரணி முகத்துவாரத்தில் வேலை செய்பவர்கள் நைட்ரேட்டை மட்டும் அளந்துவிட்டுச் சிலிக்கேட்டை விட்டுவிடாதீர்கள்.

அமிலத்தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். 8.1 அளவுக்கு வந்துவிட்டது. சுண்ணாம்புத் தகடு கட்டும் இனங்களுக்கு இது சுமை. கரையோரத்தில் பி.எச். ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் இதைவிட அதிகமாக ஊசலாடும். மலிவான கருவியால் நீண்டகால மாற்றத்தைப் பிடிக்க முடியாது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: காற்றைத் தொடர்ந்து எழுதுங்கள்

ஒரு வருடத்தின் இயல்பு தெரியாமல் மாற்றத்தைப் பேச முடியாது. அதற்கு முதல் ஆவணம் காற்றுக் குறிப்பு.

மண்டபத்தில் நின்றால் இது கைக்கெட்டும் பாடம். ஒரு பக்கம் பாக் நீரிணை, ஊர்க்காரர்களுக்கு வடகடல். மறுபக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். கச்சான் (மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது தலைகீழ். நடந்து போகும் தூரத்தில் இரண்டு கடல்கள், ஒரே நாளில் இரண்டு விதமான கலக்கம். கலக்கம் நுண்பாசியை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற பெயர்களின் திசை ஊருக்கு ஊர் சற்று நகரும். உங்கள் ஊர் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து எழுதிவையுங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். கருவி காட்டாத பல விஷயங்கள் அந்த வார்த்தைகளில் இருக்கும்.

படி 4: இடத்தைத் தேர்ந்து தண்ணீரை அளங்கள்

இரண்டு இடங்கள் போதும். ஒன்று முகத்துவாரம் அல்லது கழிவு சேரும் இடத்துக்கு அருகில், இன்னொன்று அதிலிருந்து விலகி. ஐந்து இடங்களில் மூன்று மாதம் செய்வதைவிட இரண்டு இடங்களில் மூன்று வருடம் செய்வது எவ்வளவோ மேல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே மாதிரி எடுக்கக் கூடாது. இறங்குதளம், கரை, பூங்கா எல்லைக்கு வெளியே படகு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், தெளிவு ஆகிய நான்கையும் எடுக்க வேண்டும். உப்புக்குக் கையில் பிடிக்கும் ஒளிவிலகல்மானி போதும். ஆக்சிஜனுக்குக் கருவி இல்லையென்றால் வேதிப்பொருள் சேர்த்து அளக்கும் விங்க்லர் முறை, வேதியியல் ஆய்வகம் உள்ள எந்தக் கல்லூரியிலும் செய்யலாம்.

தெளிவுக்கு செக்கி தட்டு. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், படகின் நிழல் பக்கத்திலிருந்து பாருங்கள். 1865 இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி பயன்படுத்திய முறை இது. எளிமையாக இருப்பதால்தான் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அளவீடுகள் உலகத்தில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் கரையோரத்தில் வண்டலும் தெளிவைக் கெடுக்கும் என்பதால் செக்கி ஆழத்தை நேரே பாசி அளவாக மாற்றக் கூடாது.

ஆக்சிஜனில் நேரம் மிக முக்கியம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும், இரவில் தானும் சுவாசித்துத் தீர்க்கும். மதியம் அளந்தால் எந்தக் கடலும் நலமாகத்தான் தெரியும். விடியலுக்குச் சற்று முன்புதான் உண்மையான அடிமட்டம் தெரியும். மாதம் ஒரு முறையாவது விடிகாலை அளவு எடுங்கள்.

படி 5: மாதிரி எடுத்துக் காப்பாற்றுங்கள்

வலைக்கு ஒரு வேலை, பாட்டிலுக்கு ஒரு வேலை.

20 மைக்ரான் கண் உள்ள நுண்வலையை ஐந்து நிமிடம் மெதுவாக இழுத்தால் பெரிய இனங்கள் திரண்டு வரும். யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அது அருமையான மாதிரி. எண்ணிக்கைக்கு உதவாது. சின்னவை எல்லாம் கண்ணிகளில் ஒழுகிப் போய்விடும், வலை அடைத்துக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. கூட்டத்தில் சிறியவை கூடுகின்றனவா என்பதே நம் கேள்வியாக இருக்கும்போது, சிறியவற்றைக் கழித்துவிடும் கருவியால் எண்ணினால் பதில் முன்பே தப்பாகிவிடும். எண்ணுவதற்கு ஒரு லிட்டர் தண்ணீரை அப்படியே பாட்டிலில் எடுங்கள்.

காப்பாற்ற லுகால் அயோடின் (அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசல்). 250 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மில்லி என்ற கணக்கில் விட்டால் பால் கலக்காத இலேசான தேநீர் நிறம் வரும். அது போதும். கண்ணாடிப் பாட்டிலில், இருட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் இன்னும் சில துளிகள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு கோடைகாலத்து மாதிரிகளை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். அயோடின் வெளுத்து, திறந்து பார்க்கும்போது செல்கள் சிதைந்து கிடந்தன. அந்தக் கோடை திரும்ப வராது. இன்றைக்கும் அந்த வரிசையில் உள்ள வெற்றிடத்தைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். அமிலம் கலந்த லுகால் சுண்ணாம்புத் தகடுகளைக் கரைத்துவிடும். காக்கோலித்தோஃபோர் வேண்டுமென்றால் அமிலம் நீக்கிய ஃபார்மலினில் தனி மாதிரி வையுங்கள். அடுத்து, நாக்டிலூக்கா பச்சையா சிவப்பா என்பது அயோடின் பட்டதும் மறைந்துவிடும். அதை உயிரோடு இருக்கும்போதே பார்த்து எழுத வேண்டும். உள்ளே பச்சை வாடகைதாரர்கள் இருக்கும் வகை 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பக் கடல்களில் வாழ்கிறது. அவர்கள் இல்லாத சிவப்பு வகை பெரும்பாலும் 10 முதல் 25 டிகிரி வரை. இந்த ஒரு குறிப்பே சூழலைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

படி 6: எண்ணுங்கள்

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் படி, இதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு லிட்டர் மாதிரியை 48 மணி நேரம் அசைக்காமல் வைத்தால் செல்கள் அடியில் தங்கும். மேல் தண்ணீரை, வாயில் நுண்வலைத் துணி கட்டிய மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சி அகற்றுங்கள். மீதியை நன்றாகக் கலக்கி ஒரு மில்லியை செட்ஜ்விக் ராஃப்டர் தட்டில் விடுங்கள். 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம், உள்ளே ஆயிரம் கட்டங்கள். தலைகீழ் நுண்ணோக்கி இருந்தால் ஊட்டர்மோல் அறை இன்னும் நல்லது, 10 மில்லியை ஓர் இரவு படியவிட்டு அடியிலிருந்தே பார்க்கலாம்.

எத்தனை செல் எண்ணினால் போதும்? 100 எண்ணினால் பிழை ஏறக்குறைய நூற்றுக்கு 20 இந்தப் பக்கம், 20 அந்தப் பக்கம். 400 எண்ணினால் அது 10 ஆகக் குறையும். 10,000 எண்ணினால் 2 வரும், ஆனால் கண் போய்விடும். மொத்தமாக 400 எண்ணுவதே நல்ல வழக்கம்.

இனப்பெயர் உறுதியாகத் தெரியவில்லையென்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். ‘கீட்டோசெரஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவது நேர்மை. தப்பான பெயர் பத்து வருடம் கழித்து யாரோ ஒருவரை ஏமாற்றும். கைப்பேசியை நுண்ணோக்கியின் கண்வில்லையில் வைத்து ஒவ்வொரு புது முகத்தையும் படம் எடுத்து, அளவுகோலோடு சேமியுங்கள்.

எண்ணிய பிறகு செல் அளவையும் குறியுங்கள். காசினோடிஸ்கஸ் ஒன்றும் சிறு பச்சைச் செல் ஒன்றும் எண்ணிக்கையில் சமம், பருமனில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். நாக்டிலூக்கா 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை வளரும், வெறுங்கண்ணுக்கே ஜவ்வரிசி மாதிரி தெரியும். டயட்டத்துக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுக்கும் உள்ள விகிதம், 20 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றின் பங்கு. இந்த இரண்டு எண்களையும் மாதாமாதம் வரைபடத்தில் போட்டால் ஷானன் குறியீடு (இனப் பன்மையை அளக்கும் எண்) முதலிய பெரிய கணக்குகள் காட்டுவதைவிடத் தெளிவாகக் கூட்டத்தின் போக்கு தெரியும்.

படி 7: பச்சையத்தை நம்பும் முன்

தண்ணீரை 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 90 சதவீத அசிட்டோனில் ஊறவைத்து, நிறமானியில் படித்தால் பச்சையத்தின் அளவு கிடைக்கும். வேகமான முறை, பயனுள்ள முறை. ஆனால் பச்சையம் பாசியின் எடை இல்லை.

வெயிலில் நிற்கும் செல்லுக்குப் பச்சையம் அதிகம் வேண்டாம், இருட்டில் நிற்கும் செல் நிறையத் தயாரித்துக்கொள்ளும். கடல் சூடேறி மேல் அடுக்கு மெலிந்தால் செல்கள் அதிக ஒளியில் சிக்கிப் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். கருவி ‘பாசி குறைந்தது’ என்று காட்டும், செல்களோ முன்பிருந்த அளவிலேயே இருக்கலாம். உலகளவில் பச்சையம் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான் என்று 2015 இல் ஒரு குழு காட்டியது. எண்ணிக்கையும் பச்சையமும் சேர்ந்து இருந்தால்தான் இந்தப் பொறியில் விழாமல் இருக்கலாம்.

பெரிய ஆய்வகத்தின் உதவி கிடைத்தால் நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்யூகோசாந்தின் டயட்டத்தைக் காட்டிக்கொடுக்கும், பெரிடினின் டைனோஃபிளாஜெல்லேட்டை, சியாசாந்தின் நீலப்பசும்பாசியை. பச்சை நாக்டிலூக்கா இங்கே ஒரு வேடக்காரன். உள்ளே இருக்கும் பசும்பாசியால் பச்சையம் ‘பி’ காட்டும், பெரிடினின் காட்டாது. நிறமியை மட்டும் பார்ப்பவர் பசும்பாசி மண்டியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்.

படி 8: வானிலிருந்து பாருங்கள்

கடல் நிறத்தை அளக்க முதல் செயற்கைக்கோள் கருவி 1978 இல் போனது. தொடர்ச்சியான பதிவு 1997 இல் சீவிஃப்ஸ் கருவியோடு தொடங்கி, 2002 முதல் அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் வழியாக நீள்கிறது. இந்தியாவின் ஓஷன்சாட் வரிசை 1999 இல் தொடங்கியது. மூன்றாவது 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்டது. 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ், நிறத்தை மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. அளவோடு ‘யார்’ என்பதையும் வானிலிருந்து சொல்ல முயலும் கருவி அது. நாசாவின் தரவு இணையத்தில் இலவசம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் மீன்வளப் பகுதி அறிவிப்புகளோடு பாசிப் பெருக்கத் தகவலும் வெளியிடுகிறது.

மாதச் சராசரிப் படத்தை எடுத்து உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஆனால் பாக் நீரிணையில் ஏமாந்துவிடாதீர்கள். ஆழம் குறைவு, வண்டல் அதிகம், அடிநிலமும் கடற்புல்லும் ஒளியைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் இதையெல்லாம் பாசி என்று எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும். பருவமழை மாதங்களில் மேகம் மறைக்கும், நமக்கு மிகவும் தேவையான நாட்களில்தான் படம் காலியாக இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவது உங்கள் பாட்டில்தான்.

படி 9: பருவமா, மாற்றமா என்று பிரியுங்கள்

அவசரம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அரபிக் கடலே சாட்சி. 2005 இல் ஓர் ஆய்வு, ஆசிய நிலப்பரப்பில் பனி குறைவதால் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, மேற்கு அரபிக் கடலில் கோடைக்கால நுண்பாசி பல மடங்கு பெருகுகிறது என்றது. 2016 இல் புனேயின் காலநிலை ஆய்வாளர் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு, கடந்த அறுபது ஆண்டுகளில் மேற்கு இந்தியப் பெருங்கடலில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்றது. முதல் ஆய்வின் கையில் இருந்தது ஏழு வருடப் பதிவு, அதுவும் 1997-98 எல் நினோவில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வானிலையைக் குலைக்கும் நிகழ்வு) தொடங்கியது. ஒரு வரைபடத்தின் முதல் புள்ளி அசாதாரணமான ஆண்டில் விழுந்தால் மீதி எல்லாமே ஏறுவது போலவோ இறங்குவது போலவோ தெரியும்.

பருவநிலை மாற்றத்தின் கையெழுத்தைப் பச்சையத்தில் இயற்கை ஊசலாட்டத்திலிருந்து பிரிக்க ஏறக்குறைய 40 வருடத் தொடர் வேண்டும் என்று 2010 இல் ஒரு கணக்கு வந்தது. பச்சையத்தை மட்டும் பார்க்காமல் கடலின் முழு நிறத்தையும் எடுத்துக்கொண்ட 2023 ஆய்வு, 20 வருட மோடிஸ் பதிவிலேயே உலகக் கடற்பரப்பில் 56 சதவீதத்தில் நிற மாற்றம் தெரிகிறது என்று காட்டியது, அதிலும் வெப்பமண்டலத்தில்தான் மிகுதி. பச்சையத்தின் அளவில் தெளிவாகத் தெரியாத மாற்றம் நிறத்தில் முந்திக்கொண்டு தெரிகிறது.

நாக்டிலூக்கா விஷயத்திலும் இப்படித்தான். வட அரபிக் கடலில் குளிர்காலத்தில் முன்பு டயட்டம் மண்டிய இடத்தை இது பிடித்துக்கொண்டதற்கு, ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவதே காரணம் என்று 2014 இல் சொன்னார்கள். ஆக்சிஜன் நிறைந்த நீரிலும் அது பெருகுகிறது என்று 2018 இல் வேறொரு குழு காட்டியது. இமயமலைப் பனி குறைவதால் குளிர்காலக் காற்று சூடாகி, கடலின் மேல்கீழ் கலக்கம் தளர்ந்து, டயட்டத்துக்குச் சத்து கிடைக்காமல் போகிறது என்ற விளக்கம் 2020 இல் வந்தது. எனக்கு இந்தக் கடைசி விளக்கம் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது, ஏனென்றால் கலக்கம், சத்து, யாருக்குச் சாதகம் என்ற சங்கிலி அதில் அறாமல் இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கடல் வேறு, பருவம் வேறு. 2019 இந்தியப் பெருங்கடல் இருமுனை (அந்தக் கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் வெப்ப வித்தியாசம் கூடும் நிகழ்வு) வலுவாக இருந்த ஆண்டு. அதற்காக அதையே பூங்கோரைக்குக் காரணமாக்க ஓராண்டுத் தரவு போதாது.

உங்கள் தரவில் நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு மாதத்தையும் அதே மாதத்தின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மார்ச்சை நவம்பரோடு ஒப்பிட்டால் பருவத்தைத்தான் பார்ப்பீர்கள். எல் நினோ, இருமுனை ஆண்டுகளை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறியுங்கள். டயட்டம் வரும் வாரம் முன்னால் நகர்கிறதா, டிரைகோடெஸ்மியம் தங்கும் நாட்கள் கூடுகின்றனவா என்று தேதிகளைப் பாருங்கள். ஐந்து வருடத்தில் அளவு எதையும் சொல்லாவிட்டாலும் தேதிகள் சொல்லத் தொடங்கும்.

படி 10: கடல் நிறம் மாறும் நாளில்

முதலில் வெறும் கையால் அள்ளிப் பாருங்கள். உருண்டையான பச்சைப் பொட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நாக்டிலூக்கா. மரத்தூள் போல நீளமாக இருந்தால் டிரைகோடெஸ்மியம். எதுவுமே பிரிந்து தெரியாமல் தண்ணீரே நிறமாக இருந்தால் நுண்ணோக்கி வேண்டும். அன்று இரவு அலை உடையும் இடத்தில் நீல ஒளி தெரிகிறதா என்றும் பாருங்கள். 2019 ஆகஸ்டில் சென்னையில் திருவான்மியூர் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது மக்கள் குடும்பத்தோடு போய் ரசித்தார்கள். ரசியுங்கள், கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் எடுங்கள்.

உயிர் மாதிரி ஒன்று, அயோடின் போட்டது ஒன்று. நிறம் மாறிய இடத்தில் ஒரு தொகுதி, அதற்கு வெளியே தெளிந்த இடத்தில் ஒரு தொகுதி. இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஒப்பிட ஆள் இல்லாமல் போய்விடுகிறது. ஆக்சிஜனை அன்று மாலையும் மறுநாள் விடிகாலையும் மேற்பரப்பிலும் அடியிலும் எடுங்கள். முடிந்தால் அம்மோனியாவும். நாக்டிலூக்கா மிதப்பதற்காக உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கும், சாகும்போது அதை வெளியே விடும். பவளத்தையும் மீனையும் அழிக்கும் அடி பெரும்பாலும் அது பெருகும்போது விழுவதில்லை, அழுகும்போதுதான் விழுகிறது. எனவே நிறம் தெளிந்துவிட்டது என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடாமல் பத்து நாளாவது தொடருங்கள்.

செத்து ஒதுங்கிய மீனை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று கரையில் நிற்பவர்களிடம் சொல்லுங்கள். எந்த இனத்து மீன்கள், அடியில் வாழ்பவையா மேலே நீந்துபவையா என்று குறியுங்கள். அடிமீன்கள் முதலில் சாகின்றன என்றால் ஆக்சிஜன் கீழிருந்து தீர்ந்திருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அவர்களுக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே தகவல் கொடுங்கள், தேதியும் நேரமும் இடமும் படமும் சேர்த்து.

அதன் பிறகு பழைய ஏட்டை எடுத்து, நிறம் மாறுவதற்கு முந்தைய மூன்று வாரங்களின் காற்றையும் வெப்பத்தையும் உப்பையும் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதுங்கள். டயட்டம் எந்த நாளில் குறையத் தொடங்கியது, முதல் நாக்டிலூக்கா எந்த பாட்டிலில் வந்தது? அந்த பாட்டிலில் தனியாக ஒரு சீட்டு ஒட்டி, இருட்டில் வைத்துவிடுங்கள்.